அடுப்படியில் அளந்த கை

இரண்டு வருடத்துக்கு முன்பு, இலங்கை மலையகத்தில் டிக்கோயா பக்கம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் நடந்தது இது. மார்பில் புற்றுநோய் என்று அறுவைச் சிகிச்சை செய்து வீடு திரும்பிய என் மனைவிக்குச் சில மாதங்களில் இடது கை வீங்கத் தொடங்கியது. கிளினிக்கில் தாதி ஓர் அளவு நாடாவைத் தந்து, இரண்டு கையையும் அளந்து வரச் சொன்னார். இந்தச் சிகிச்சைக்குப் பின் சிலருக்குக் கை வீங்குவது உண்டாம்; வீக்கம் கூடினால் வந்து சொல்ல வேண்டுமாம்.

முன்னறையில் எப்போதும் ஆள் இருக்கும். எனக்கும் கூச்சம், அவளுக்கும் கூச்சம். அதனால் சாயங்காலம் அடுப்படியில்தான் அளப்போம். அவள் நெருப்பு ஓரமாகக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"வாங்க டெய்லரு, இன்னைக்கு ஜாக்கெட்டா, கவுனா?" என்று கேலி செய்வாள்.

ஆனால் அளவு கூடிக்கொண்டே போனது. ஒருநாள் கேலியை விட்டுவிட்டு, "சீக்கு திரும்பிருச்சாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். இந்த வாரமே கிளினிக்குக்குப் போவோம் என்றேன்.

மறுநாள் மழையில் விறகு நனைந்து அடுப்பு பற்றவில்லை. அன்று அளந்தால் கை கொஞ்சம் குறைந்திருந்தது. நாடாதான் பிசகோ என்று என் கையை அளந்தேன். அது எப்போதும்போல் இருந்தது. அதற்கு அடுத்த நாள் அடுப்பு மூட்டுவதற்கு முன் ஒருமுறை, அவள் நெருப்பருகே உட்கார்ந்து எழுந்த பின் ஒருமுறை அளந்தேன். பின்னால் எடுத்த அளவு கூடுதலாக இருந்தது.

கிளினிக்கில் தாதியிடம் தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன்.

"கைக்குச் சூடு வைக்காதீங்கன்னு அன்னைக்கே சொன்னேனே அண்ணே."

"ஒத்தடம் எதுவும் குடுக்கலைங்க மிஸ். அடுப்புல குளிர்தான் காஞ்சோம்."

அவர் சிரித்துவிட்டார். "அதுவும் சூடுதானே? சூடு பட்டா இந்த வீக்கம் கூடும்."

இந்த மலைக் குளிரில் அடுப்போரம் உட்காருவதை நாங்கள் யாரும் சூடு என்று நினைப்பதே இல்லை. டாக்டர் சோதித்துவிட்டு நோய் திரும்பவில்லை என்றார். அவள் நெருப்பை விட்டுத் தள்ளி, சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்காரப் பழகினாள். தாதி சொல்லிக்கொடுத்த பயிற்சிகளையும் செய்தாள். வீக்கம் மெல்ல வடிந்தது. முழுதாகப் போகவில்லை, இன்றும் அளக்கிறோம்.

அவள் குளிரில் நடுங்கக் கூடாதே என்று தினமும் அடுப்புக்குப் பக்கத்தில் பலகையை இழுத்துப் போட்டவன் நான்தான். அதனால் இப்போதெல்லாம் ஆசையாக ஒன்றைச் செய்யும்போதும், இது அவளுக்கு நல்லதுதானா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.