டீ வடிகட்டியில் அள்ளிய நுரை

போத்தனூர் வீட்டுச் சிமெண்ட் தொட்டியில் பத்மாவதி ஒரு ஜோடி பாரடைஸ் மீன் வளர்த்தாள். குஞ்சு பொரிக்கவேண்டும் என்று மூன்று மாதமாகக் கொசுப்புழு பிடித்துப் போட்டாள். ஆண் மீனின் சிவப்பும் நீலமும் நாளுக்கு நாள் ஏறின.

அன்று காலை தொட்டி மூலையில் நுரை மிதந்தது. துவைத்த சோப்புத் தண்ணீர் தெறித்துவிட்டதென்று பதறி, டீ வடிகட்டியால் அள்ளினாள். ஆண் மீன் துடுப்பை விரித்து அவள் விரலை முட்டியது. அப்படியொரு நிறத்தை அவள் பார்த்ததே இல்லை.

"ஐயோ, கொட்டிப்போடாதீங்கம்மா! அதுதானுங்க கூடு, நுரைக்குள்ளதான் முட்டை இருக்கும்!" என்று மகள் ஹர்ஷிணி கத்தினாள். "நல்லாச் சுத்தம் பண்ணுனீங்க, போங்க!"

வடிகட்டியில் கசகசா போல முட்டைகள் ஒட்டியிருந்தன. பத்மாவதி வடிகட்டியை மெல்லத் தண்ணீரில் அமிழ்த்தினாள். ஆண் மீன் முட்டைகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி, மறுபடியும் நுரை ஊதத் தொடங்கியது.