ஸ்டீல் மரத்தடியில் நின்ற பிள்ளைகள்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் ஓடியதைப் பார்த்திருந்தால், வாராவாரம் இந்தப் பத்தியில் வாய் கிழியப் பேசுகிறவள்தான் அது என்று நீங்கள் நம்பியிருக்கவே மாட்டீர்கள். ஒரு காலில் செருப்பு, மறு காலில் சேறு, வாயில் முருகா, முருகா... பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டேவுக்குப் பிறகு நான் அப்படி ஓடியதே இல்லை.

எதை நோக்கி ஓடினேன்? ஒரு சிலையை நோக்கி.

ஹைதராபாத் அல்வாலில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போகிற தூரத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் லைப்ரரிக்கு எதிரில், ஸ்டீல் குழாய்களை வளைத்து மூன்று மாடி உயரத்துக்கு ஒரு மரம் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். இலை கிடையாது, வெறும் கிளைதான். கீழே பதித்திருக்கும் பலகையில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஸ்டூடண்ட்ஸ், வாட்ச்மேன், டீக்காரர் எல்லோருக்கும் அது 'செட்டு'. தெலுங்கில் மரம். எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது.

செட்டைச் சுற்றி வட்டமாக சிமெண்ட் பெஞ்ச். அதில் காதலர்கள் உண்டு, கிதார் வாசிப்பவர்கள் உண்டு, பரீட்சைக்குப் படிப்பதாக நடிப்பவர்கள் உண்டு. ஞாயிறு மாலைகளில் நாங்களும் உண்டு – நாலைந்து தமிழ்க் குடும்பங்கள். சொந்தபந்தம் இல்லாத ஊரில் வாரம் ஒரு தடவையாவது வாயாரத் தமிழ் பேச வேறு எங்கே போவது? பெரியவர்கள் பேசுவோம், பிள்ளைகள் சைக்கிள் விடுவார்கள். நாம் தமிழில் கேட்டால் அவர்களுக்குப் புரியும். பதில் மட்டும் தெலுங்கில் வரும்.

அவ்வளவு பெரிய கேம்பஸில் பிள்ளைகளை விட்டுவிட்டு நிம்மதியாக உட்கார முடியுமா? தெருநாய்கள் வேறு. அதனால் ஒரு ரூல் போட்டேன். "நாய் துரத்தட்டும், மழை வரட்டும், வழி தெரியாமப் போகட்டும்... எதுவானாலும் செட்டுக்கிட்ட வந்து நில்லுங்க. நாங்க வர்ற வரைக்கும் அசையக்கூடாது."

என் மகள் இனியாவுக்கு ஒன்பது வயது. பல் தேய்க்கச் சொன்னாலே பட்டிமன்றம் நடத்துகிறவள். இதையா கேட்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

போன ஞாயிறு வந்திருந்தது நானும் ஃபர்ஸானாவும் மட்டும்தான். அவள் மேலப்பாளையத்துக்காரி. அவள் பையன் அயானுக்கு ஐந்து வயது. இனியாவையும் அயானையும் சைக்கிளோடு விட்டுவிட்டு நாங்கள் டீ குடிக்கப் போனோம். கேன்டீனுக்கும் செட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய மைதானம். டீ கைக்கு வருவதற்குள் வானம் கறுத்துவிட்டது. ஹைதராபாத் கோடை மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. புழுதி வந்தது, காற்று வந்தது, பிறகு ஒரு மின்னல்...

அந்த வெளிச்சத்தில் செட்டு முழுசாகத் தெரிந்தது. அதன் அடியில் இரண்டு சின்ன உருவங்கள்.

"யக்கா... பிள்ளைய செட்டுக்கு அடியில நிக்குதுவ. அம்புட்டும் இரும்புல்லா!" என்றாள் ஃபர்ஸானா. அவள் கையிலிருந்த டீ கொட்டியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

சுற்றுவட்டாரத்திலேயே உயரமான இரும்பு அதுதான். அதன் அடியில் போய் நில்லுங்கள் என்று சொன்னது யார்?

ஓடினோம். இடிக்கிற நேரத்தில் திறந்த வெளியில் ஓடக்கூடாது என்பது எனக்கும் தெரியும். ஒவ்வொரு மின்னலுக்கும் 'இதுதான், இதுதான்' என்று உடம்பு சுருங்கியது. பாதி மைதானம் தாண்டியபோது லைப்ரரி படியில் வாட்ச்மேன் தெரிந்தார். இரண்டு கைகளையும் ஆட்டிப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் படி ஏறி உள்ளே போனால் போதும், பிள்ளைகள் பத்திரம். இனியா அசையவில்லை. மாட்டேன் என்று தலையாட்டினாள்.

அவர் மழையில் இறங்கி வந்து அயானின் கையைப் பிடிக்கப் போனார். என் மகள் போட்ட கூச்சல் அந்தக் காற்றையும் மீறிக் கேட்டது. பாவம், மனிதர் பயந்துபோய்ப் பின்வாங்கிவிட்டார். தெரியாதவர் கையைப் பிடித்தால் கத்த வேண்டும் – அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். வீட்டு ஹாலில் ரிகர்சலே பார்த்திருக்கிறோம்.

"உள்ள போ! அங்கிள்கூட உள்ள போ!" என்று கத்தினேன். இடிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

எப்படிப் போய்ச் சேர்ந்தேனோ தெரியாது. இனியா ஸ்டீல் குழாயில் முதுகை ஒட்டிக்கொண்டு, அயானை இறுக்கிக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தாள். ஃபர்ஸானா அவனை வாரிக்கொண்டாள். நான் இவளை இழுத்துக்கொண்டு லைப்ரரிக்குள் விழுந்தேன்.

"கைக்கு சில்லாயே பேட்டா? மை சோர் க்யா?" என்றார் வாட்ச்மேன், தலையைத் துவட்டிக்கொண்டே. ஏன் கத்தினாய், நான் என்ன திருடனா? அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் முகம் வாடியிருந்தது. அவருக்கு ஒரு நன்றி சொல்வதை விட்டுவிட்டு நான் மகள்மேல் பாய்ந்தேன்.

"அறிவிருக்கா உனக்கு? அவர் அவ்வளவு கூப்பிடுறாரு, போக வேண்டியதுதானே?"

"நுவ்வே செப்பாவு கதா, அம்மா..." என்றாள் இனியா. நீதானே சொன்னாய். உதடு நடுங்கியது. "நாக்கு பயமேசிந்தி. அயினா வெள்ளலேது."

எனக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் போகவில்லை என்கிறாள்.

செட்டின்மேல் இடி விழவில்லை. கொஞ்ச நேரத்தில் மழை விட்டது. ஸ்டூடண்ட்ஸ் சிமெண்ட் பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள், கிதாரும் ஆரம்பித்தது. வீட்டில் கணவர், "இடிதாங்கி வெச்சிருப்பாங்க, விடு" என்றார். "உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். அவர் செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

நாய்க்குப் பயந்து ஒரு ரூல், பிள்ளை பிடிப்பவனுக்குப் பயந்து இன்னொரு ரூல். எல்லாம் என்னுடைய பயங்கள். அதைச் சுமந்துகொண்டு மழையில் நின்றது அவள். இனிமேல் என்ன செய்யட்டும் என்று கேட்டாள். மழை என்றால் லைப்ரரி என்றேன். லைப்ரரி பூட்டியிருந்தால்? "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் முன்னைவிடப் பயமாகிவிட்டது.

நேற்று, "டிவியை அணைச்சிட்டுப் போய்ப் படு" என்றேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.