எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள்

கல்முனை பசாரில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். போட்டோ கொப்பி எடுப்போம், லெமினேட் பண்ணுவோம், பரீட்சைக்கு ஒன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்போம். ஆனால் என்னைக் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் வேலைக்கு அனுப்புகிற சுயவிபரம், அதுதான் சீவி, அடிக்கத்தான் வருவார்கள். ‘கடின உழைப்பாளி’ என்று போடச் சொல்லாத ஒருவரை நான் இன்னும் காணவில்லை. வெயில் ஏறின பிறகு பாயை விட்டு எழும்புகிறவரும் கடின உழைப்பாளிதான். எனக்கென்ன, போட்டுக் கொடுத்துவிடுவேன்.

அடித்துக் கொடுத்த சீவியைத் தொலைத்துவிட்டு மறுபடி வந்து நிற்கிறவர்களின் தொல்லை தாங்க முடியாமல்தான் ஒரு இணையத்தளத்தைத் தேடிப் பிடித்தேன். சீவியை இணையத்தில் ஏற்றி வைத்தால் ஒரு லிங்க் தருவார்கள். அந்த லிங்கை எந்த நாட்டுக் கம்பெனிக்கும் அனுப்பலாம், வேண்டிய நேரம் திருத்தலாம். வருகிறவர்களுக்கெல்லாம் அதில் கணக்குத் திறந்து கொடுத்தேன். என் கணவருடைய சீவியும் அங்கேதான் இருந்தது. கணக்கைத் திறந்தது நான் என்பதால் பாஸ்வேர்ட் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அவர் கட்டாரில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு அவர் வேலை செய்த சைட்டை மூடிவிட்டார்கள். விசா முடிவதற்குள் வேறு கம்பெனி பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும். அன்றைக்கு அவர் அனுப்பிய வொய்ஸ் மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது. “புள்ள, வேல போயிட்டு. வாப்பாக்கு ஒண்டும் சொல்லாத. நான் வேற பாத்துக்குவன்.”

என் வாப்பாவுக்கு ஏன் சொல்லக்கூடாது என்று எனக்கு விளக்கத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்கு வருவான். வீடு மகளுடைய பேரில் இருக்கும். கல்யாணத்துக்கு முதலே வாப்பா கட்டிக் கொடுத்திருப்பார். எங்கள் வீட்டுக்கும் வாப்பா வீட்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கதவுதான். கதவுக்கு அந்தப் பக்கம் யார் தும்மினாலும் இந்தப் பக்கம் கேட்கும். சம்பளம் அனுப்புகிறவரைக்கும் மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் ராஜ மரியாதை. சம்பளம் நின்றுபோனால் யாரும் ஒரு சொல்லும் சொல்லமாட்டார்கள். அதுதான் பொல்லாதது. எங்கள் வீதியில் ஒருவர் வேலை போய் வந்து நின்றார். மீன் வாங்கி வரச் சொன்னார்கள், கேஸ் சிலிண்டர் மாற்றி வரச் சொன்னார்கள், கொழுந்தியின் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வரச் சொன்னார்கள். எல்லாவற்றையும் மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அன்பைத் தாங்க முடியாமல் மனிதர் கிடைத்த விசாவில் வீட்டு டிரைவராகப் போய்விட்டார்.

இந்தப் பயத்தோடு நான் இருந்த நேரத்தில்தான் தளத்திலிருந்து மெயில் வந்தது. புதிய வசதிகள் வந்துவிட்டதாம். உங்கள் சீவியை எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள் என்று இனிக் காட்டுவோம். சீவி எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று ஒரு பச்சைக் கோடு சொல்லும். வேலையில்லாமல் இருந்த காலத்தை மஞ்சளில் காட்டி, காரணம் எழுத ஒரு பெட்டி தருவோம். எந்தெந்தப் போனிலிருந்து கணக்கைத் திறந்தார்கள் என்பதையும் பார்க்கலாம். மெயில் முழுக்க அவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

எனக்கு அன்றையிலிருந்து நிம்மதி போனது. முன்பெல்லாம் சீவியை அனுப்பிவிட்டு அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு இருக்கலாம். யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று தெரியாது. இப்போது தெரிகிறது. தெரிந்தால் சும்மா இருக்க மனம் விடுமா? கறி கொதிக்கும்போது திறந்து பார்ப்பேன். கடைக்குப் போகிற பஸ்ஸில் பார்ப்பேன். தொழுதுவிட்டுப் பாயில் இருந்தபடியே பார்ப்பேன். அதற்காகப் பிறகு பாவமன்னிப்பும் கேட்பேன். முதலில் தோஹாவிலிருந்து யாரோ பார்த்ததாகக் காட்டியது. அடுத்து ஒருவரும் இல்லை. பச்சைக் கோடு அரைக்கு மேல் ஏறாமல் நின்றது. மஞ்சள் நாளுக்கு நாள் நீண்டது. அந்த மஞ்சள் கம்பெனிக்காரர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று, கணக்கோடு நில்லாமல் லிங்கையும் அடிக்கடி திறந்து பார்க்கத் தொடங்கினேன்.

பிறகு கொழும்பு வந்தது. ‘கொழும்பிலிருந்து ஒருவர் பார்த்தார்.’ பின்னேரமும் கொழும்பு. மறுநாளும் கொழும்பு. தோஹா ஒரேயடியாக நின்று, கொழும்பு மட்டும் பெருகியது. யாரோ ஒரு கம்பெனி திரும்பத் திரும்பப் பார்க்கிறது, விரும்பாவிட்டால் ஏன் இத்தனை தரம் பார்க்கப் போகிறது என்று நினைத்தேன். பெரிய கண்ணாடிக் கட்டடம், அதற்குள் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் என் கணவருடைய சீவியை விரித்து வைத்துக்கொண்டு யோசிக்கிறார். இவ்வளவையும் நானே கட்டிவிட்டேன். கணவருக்கும் செய்தி அனுப்பினேன். “பாப்பம் புள்ள” என்று மட்டும் வொய்ஸ் வந்தது. அந்த நாட்களில் அவர் வீடியோவில் வருவதையும் விட்டிருந்தார். அறையில் ஆட்கள் தூங்குகிறார்கள் என்பார்.

கெட்ட நேரம், அன்றைக்கு வாப்பா நடுக்கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

“என்ன மகள், முகம் இண்டைக்கித் தெளிவா இரிக்கி?”

வாய் சும்மா இருக்கவில்லை. “கொழும்புல ஒரு கம்பெனி அவர்ர சீவியப் பாக்குது வாப்பா.”

“கட்டார் வேலைய விட்டுப்போட்டா வரப்போறார்?”

“ஊரோட இருந்தா நல்லம் எண்டு பாக்கிறார்.”

“மாஷா அல்லாஹ்” என்றார் வாப்பா. அசர் தொழுகைக்குப் போனவர் திரும்பி வருவதற்குள் எங்கள் கல்முனைக்குடியில் பாதிப் பேருக்கு, எங்கள் மாப்பிள்ளையைக் கொழும்பில் பெரிய கம்பெனி ஒன்று மனேஜராகக் கூப்பிட்டிருப்பது தெரிந்துவிட்டது. மனேஜர் பதவியை யார் கொடுத்தார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது.

இரண்டு வாரம் போல அந்த மனேஜரின் மனைவியாக இருந்தேன். நிந்தவூரில் தாதியாக வேலை செய்யும் ஒரு பெண் சீவியைத் திருத்த வந்த அன்று அது முடிந்தது. அவளுடைய பக்கத்தைக் கடைக் கொம்பியூட்டரில் திறந்து வைத்திருந்தேன். போனில் எப்படித் தெரியும் என்று காட்ட, என் போனில் அவளுடைய லிங்கைத் திறந்தேன். கொம்பியூட்டர் திரையில் அப்போதே ஒரு வரி வந்தது. ‘கொழும்பிலிருந்து ஒருவர் இப்போது பார்க்கிறார்.’

“கொழும்புலயா? ஆர் மிஸ் அது?” என்று அவள் ஆசையோடு திரையில் குனிந்தாள்.

“நான்தான்” என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு நன்றாக விளங்கியது. எங்கள் போன் எல்லாம் இணையத்துக்குக் கொழும்பு வழியாகத்தான் போகிறது. கல்முனையில் இருந்து பார்த்தாலும் தளத்துக்கு அது கொழும்புதான். ஊருக்கெல்லாம் சீவி அடிக்கிற எனக்கு இது தோன்றவில்லை. கண்ணாடிக் கட்டடமும் நான்தான், கழுத்துப்பட்டிக்காரரும் நான்தான். ஒரு கையில் அகப்பையோடு மறு கையில் போனோடு நின்று என் கணவரை நானே வேலைக்குத் தேடியிருக்கிறேன். தாதிப் பெண் போன பிறகு எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

பார்த்தவர்கள் கணக்கில் என்னைக் கழித்தால் யாராவது மிஞ்சுவார்களா என்று பார்க்க அவருடைய கணக்கைத் திறந்தேன். அப்போதுதான், அதுவரை நான் தொடாத அந்த மற்ற வசதியை அமுக்கினேன், எந்தெந்தப் போன் என்று காட்டுகிற வசதியை. இரண்டு போன் இருந்தது. என்னுடையது: கொழும்பு. அவருடையது: முன்பு தோஹா, இப்போது கொழும்பு.

என் போன் கொழும்பு என்று காட்டினால் நான் இலங்கையில் இருக்கிறேன் என்று அர்த்தம். அவருடைய போனும் அதையேதான் காட்டுகிறது. யாரோ கடையில் ஏ ஃபோர் தாள் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேனா, இல்லையா என்று நினைவில்லை.

இயர்போனை மாட்டி, கடைசியாக வந்த வொய்ஸ்களைத் திரும்பக் கேட்டேன். “இண்டைக்கி ஒரு இன்டர்வியூ இரிக்கி புள்ள, துஆ செய்” என்று ஒன்றில் சொல்கிறார். அவர் குரலுக்குப் பின்னால், தூரத்தில், பாண் ஓட்டோ மெட்டுப் போட்டுக்கொண்டு போகிறது. காலையில் பேக்கரிப் பாணும் பணிஸும் ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர்களில் வீதி வீதியாகப் போகும் அந்த ஓட்டோ, தோஹாவில் எங்கே ஓடப்போகிறது? அந்த வொய்ஸை எத்தனை தரம் கேட்டிருப்பேன். ஒரு தரமாவது காதில் விழுந்ததா? நான் இன்டர்வியூவைத்தான் கேட்டேன்.

கோபம் வந்தது, அதை மறைக்க மாட்டேன். அதற்குப் பின்னாலேயே பயம் வந்தது. அவர் எங்கே படுக்கிறார், என்ன தின்கிறார், எதையாவது செய்துகொள்வாரா என்றெல்லாம் மனம் ஓடியது. வேறு எங்கே போவார், மருதமுனையில் அவருடைய உம்மா வீடு இருக்கிறது. மாமி கொஞ்ச நாளாக எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை, கால் நோகுது என்று போனில் சொன்னார். கடையில் தலையிடி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கல்முனையிலிருந்து மருதமுனைக்கு நின்று கொண்டே போகிற தூரம்தான். இத்தனை கிட்டவா இருந்தார்?

மாமி கேற்றைத் திறந்தார். என்னைக் கண்டதும் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. “நான் சொன்ன மகள், அவள்ட்ட போ, போய்ச் சொல்லு எண்டு. கேக்கிறான் இல்ல” என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அவர் உள்ளறையில் கட்டில் ஓரத்தில் இருந்தார். மெலிந்து, தாடி மண்டிப்போய் இருந்தார். கையில் போன். திரையில், வேலையில்லாததற்குக் காரணம் எழுதச் சொல்லும் அந்த மஞ்சள் பெட்டி திறந்தபடி கிடந்தது. நான் வந்த வழியில் அடுக்கி வைத்திருந்த ஏச்சு எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவரும் எழும்பவில்லை. போனை என் பக்கம் திருப்பினார்.

“இதுக்குள்ள என்னத்த புள்ள எழுதற?”

“ஒண்டும் எழுத வேணாம். ஊட்ட வாங்க.”

“எப்பிடி வாற? வேல இல்லாதவன் அந்த ஊட்டுக்குள்ள எப்பிடி வாற? கொழும்புல மனேஜர் எண்டு வேற சொல்லி வச்சிரிக்கி. மருதமுனை வரைக்கும் வந்திட்டு அந்தக் கத.”

எனக்கு வெட்கமாகப் போனது. ஆனாலும் விடவில்லை. “அந்த ஊடு ஆர்ர பேர்ல இரிக்கி?”

“உன்ட பேர்ல.”

“அப்ப வாங்க எண்டு சொல்ல வேண்டியது நான்தானே. வாப்பா இல்லையே. நான் சொல்றன், வாங்க.”

மாமி வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். பிறகு அவர் எழும்பி, ஆணியில் கிடந்த சேட்டை எடுத்தார். பொத்தான்களை நான் போட்டுவிட்டேன்.

மாமி கூப்பிட்டுத் தந்த ஓட்டோவில் ஏறினோம். அவர் உள்பக்கமாக ஒதுங்கி, தெருவில் முகம் தெரியாதபடி இருந்தார். “கடற்கரை ரோட்டால போங்க” என்று டிரைவரிடம் சொன்னார். அந்த வழியில் பின்னேரம் ஆள் குறைவு.

“மெயின் ரோட்டாலயே போங்க” என்றேன் நான். வீராப்பில் சொல்லிவிட்டேனே ஒழிய, வீட்டை நினைத்தால் பயம்தான். வாப்பா நடுக்கதவைத் திறந்துகொண்டு வருவார். முகத்தைப் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். நாளைக்கு மீன் வாங்கி வரச் சொல்வார்.

பாண்டிருப்பைத் தாண்டும்போது டிரைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். வெளிநாட்டிலிருந்து வந்தவரை எங்கள் ஊரில் அடையாளம் காண அதிக நேரம் எடுக்காது.

“எப்ப நானா வந்த?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

அவருக்கு முந்தி, “வந்து கொஞ்ச நாள்” என்றேன் நான்.

அடுத்த கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் முதல் கேள்வியைக் கேட்டவர் இரண்டாவதைக் கேட்காமல் விட்டதில்லை. அதற்கு என்ன பதில் சொல்வது, எந்தப் பொய் பொருந்தும் என்று நான் அவசரமாகத் தேடினேன்.

“திரும்ப எப்ப போற?”

“தெரியா தம்பி” என்றார் என் கணவர். “வேல போயிட்டு.”

டிரைவர் தலையை ஆட்டினார், வண்டியை ஓட்டினார். கல்முனை பசார் வந்தது. என் கடை வந்தது, போனது. அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.