ஆடியது டயர் இல்லை

தேவசகாயம் அண்ணாச்சி இறந்த செய்தி வந்தபோது நான் ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனையில் மாத்திரை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. இப்போதெல்லாம் என் விரல் அந்தப் பச்சை வட்டத்தைத் தொடுவதற்குள் அழைப்பு நின்றுவிடுகிறது. மூன்றாவது முறை பக்கத்தில் நின்ற ஒரு பெண் வாங்கித் தேய்த்துக் கொடுத்தாள். கடையில் வேலை பார்க்கும் ராமர் பேசினான். "அண்ணே, அண்ணாச்சி போயிட்டாரு. இப்பத்தான், செத்த நேரத்துக்கு முன்னால." நான் "சரி" என்றேன். எனக்கு முன்னால் நாலு பேர்தான் இருந்தார்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டுதான் ராஜபாளையம் பஸ் ஏறினேன்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் இருக்கும் அவருடைய வீல் பேலன்சிங் கடையைத் தெரியாத லாரி டிரைவர் இந்தப் பக்கத்தில் இருக்க முடியாது. பட்டாளத்தில் வண்டிப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்து போட்ட கடை அது. இரங்கல் கூட்டத்தில் பேசிய எல்லோரும் அவரைத் தங்கமான மனிதர் என்றார்கள். உயிரோடு அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால், "எவம்லே அது பொய் சொல்லுதது?" என்று எழுந்திருப்பார். அவர் தங்கமான மனிதர் இல்லை. அவரிடம் நான் பட்டதைப் பட்டபடி சொல்வதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லாரிச் சக்கரத்தில் ஏதாவது ஒரு பக்கம் கனம் கொஞ்சம் கூடியிருந்தால் போதும், அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஸ்டீயரிங் உதறத் தொடங்கும். அண்ணாச்சி முதலில் டயரைக் காற்றிறக்கி, ரிம்மில் அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டுப் பார்ப்பார். பல வண்டிகளுக்கு அதுவே போதும். போதாவிட்டால் சக்கரத்தை மெஷினில் ஏற்றிச் சுழற்றி, அது காட்டுகிற இடத்தில் ரிம்மின் விளிம்பில் ஈயக்கட்டியை அடிப்பார். சக்கரத்தைக் கழற்ற நேரமில்லை என்று அவசரப்படுகிறவர்களுக்கு, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் இருந்த இடத்திலேயே மோட்டார் வைத்துச் சுழற்றி எடை பார்ப்பார். இவை தவிர டயருக்குள் ஜவ்வரிசி போன்ற சிறு மணிகளைக் கொட்டிவிடுகிற முறையும் உண்டு. சக்கரம் ஓட ஓட அந்த மணிகள் உருண்டு, கனம் குறைந்த பக்கமாகப் போய்ச் சேர்ந்துகொள்ளும். ஈயம் தெறித்து விழுந்துவிடுகிறது என்று சலித்த முதலாளிகள் இதைத்தான் கேட்பார்கள்.

வத்திராயிருப்பிலிருந்து தேங்காய் லோடு ஏற்றும் ஒருவர் இந்த மணிகளைப் பற்றி எங்கோ கேள்விப்பட்டு, ஆற்று மணலைச் சலித்துத் தானே டயருக்குள் போட்டுக்கொண்டு வந்தார். மணல் ஈரம் கோத்து ஒரே இடத்தில் கட்டிபிடித்துவிட்டது. வண்டி குதித்துக் குதித்து வந்து சேர்ந்தது. அண்ணாச்சி டயரைப் பிரித்து மணலைத் தரையில் கொட்டினார். "எந்த ஆத்துல அள்ளுனியோ அங்கயே கொண்டு போட்டுட்டு வா. அதுவரைக்கும் உன் சக்கரம் இங்க கெடக்கட்டும்" என்றார். அந்த மனிதருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். கோடை வெயிலில் குத்தவைத்து, கையால் கூட்டி அள்ளி, சாக்கில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். நாங்கள் பத்துப் பேர் டீ குடித்துக்கொண்டே பார்த்துச் சிரித்தோம். அதில் அதிகமாகச் சிரித்தவன் நான்.

என் முறை அடுத்த வருடம் வந்தது. நான் இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவன். ராஜபாளையத்துப் பேண்டேஜ் துணி ஏற்றிக்கொண்டு நாக்பூர் வரைக்கும் போய்வருவேன். திடீரென்று என் வண்டி ஆட ஆரம்பித்தது. மதுரை ரோட்டில் ஒரு கடையில் காட்டினேன். ஈயம் அடித்துக் கொடுத்தார்கள். குறைந்த மாதிரி இருந்தது. மறுபடியும் ஆடியது. இன்னொரு கடையில் ஜாக்கியில் தூக்கிச் சுழற்றிப் பார்த்து, ஏற்கனவே அடித்த ஈயத்தைப் பிடுங்கி வேறிடத்தில் அடித்தார்கள். மூன்றாவது கடையில் மணி கொட்டினார்கள். ஒவ்வொரு கடையிலிருந்தும் இறங்கும்போது, "இப்பப் பரவாயில்ல" என்று நானே சொன்னேன். கடைசியில்தான் தேவசகாயம் அண்ணாச்சியிடம் போனேன்.

"எம்புட்டு வேகத்துல ஆடுது?" என்று கேட்டார்.

"எல்லா வேகத்துலயும் ஆடுதுண்ணாச்சி. நேர் ரோட்டுல ரொம்ப ஆடுது. வளைவுல இறுக்கிப் பிடிச்சா நின்னுருது."

அவர் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். ராமரை விட்டு முன்சக்கரம் இரண்டையும் கழற்றச் சொன்னார். மெஷினில் ஏற்றிச் சுழற்றினார். இரண்டும் சரியாக இருந்தன. வண்டியின் முன்பக்கம் மரக்கட்டைகளின் மேல் நின்றது. என்னை மேலே ஏறி உட்காரச் சொன்னார். இஞ்சினை ஓட்ட வேண்டாம், ஸ்டீயரிங்கில் சும்மா கை வை, நேர் ரோட்டில் வைப்பது மாதிரி என்றார். வைத்தேன்.

கடையில் அப்போது பதினைந்து டிரைவர்களாவது இருந்திருப்பார்கள். அண்ணாச்சி அவர்களைக் கை தட்டிக் கூப்பிட்டார். "எல்லாரும் வாங்கலே, வந்து பாருங்க. இஞ்சின் ஓடல. சக்கரமே கிடையாது. ஸ்டீயரிங் மட்டும் ஆடுது." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "வேலுச்சாமி, ஈயத்த எங்க அடிக்கச் சொல்லுத? உன் கையிலயா?"

என் இடது கை ஸ்டீயரிங்கின் மேல் துடித்துக்கொண்டிருந்தது. சாவிக்கொத்து அதற்கேற்பக் கிலுங்கியது. அந்தச் சத்தத்தை அதுவரை நான் வண்டியின் சத்தம் என்று நினைத்திருந்தேன். கீழே நின்றவர்களில் ஒருவன், "காலையிலயே ஏத்திட்டாரு போல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. அண்ணாச்சிக்கு அது தெரியுமோ தெரியாதோ, அவனை அவர் அதட்டவில்லை. அங்கே நின்றபடியே என் முதலாளிக்குப் போன் போட்டார். "இவன்ட்ட இனிமே வண்டியக் குடுக்காதீங்க. வேற ஆள அனுப்பி எடுத்துட்டுப் போங்க." நான் ஏறி வந்த வண்டியை விட்டுவிட்டு நடந்து வீட்டுக்குப் போனேன்.

ஒரு வாரத்துக்குள் நான் குடிகாரன் ஆகிவிட்டேன். வத்திராயிருப்பில் என் மகள் பவானிக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார், ஆள் விட்டு வேண்டாம் என்று சொன்னார்கள். என் மனைவி பாக்கியம் அண்ணாச்சியைத் தேடிப் போனாள். அவர் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். உட்காரச் சொல்லவில்லை.

"அண்ணாச்சி, அவிய குடிக்க மாட்டாக. நீங்க ஒரு வார்த்தை சொன்னா மாப்பிள்ளை வீட்டுல நம்புவாக" என்று கேட்டிருக்கிறாள்.

"குடிக்கான்னு நான் சொல்லலியேம்மா."

"நீங்க சொல்லல. ஆனா உங்க கடையிலதான அந்தப் பேச்சு வந்துச்சு?"

"வந்துச்சு. அவன் குடிக்கலன்னு எனக்கு எப்படித் தெரியும்? கை ஆடுச்சு. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும். தெரியாததச் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டாராம். பாக்கியம் வீட்டுக்கு வந்து அழவில்லை. அவருடைய பெயரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று மட்டும் சொன்னாள்.

என்ன நோய் என்று தெரிய ஒரு வருடம் ஆனது. மதுரையில் ஒரு டாக்டர் என்னை வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தார். நடக்கும்போது என் இடது கை வீசாமல் தொங்குவதைக் காட்டினார். நடுக்குவாதம் என்றார். மூளையிலிருந்து வருவது, குடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் கேட்காமலே சொன்னார். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நேராக அண்ணாச்சியின் கடைக்குப் போனேன். ஒரு வருடமாக அந்த நிமிஷத்துக்காகத்தான் காத்திருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் சொன்னது சரியாப் போச்சுல்லா?" என்றார்.

அவ்வளவுதான். மன்னிப்பு இல்லை, வருத்தம் இல்லை. நான் திரும்பி நடந்தேன். சாலையைத் தொட்டதும் பின்னாலிருந்து குரல் வந்தது: "போன் எடுக்க ஆளு இல்ல. நாளையிலருந்து வந்து உக்காரு."

போனேன். எனக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? நாலு வருடம் அவருடைய கடையில் உட்கார்ந்தேன். ஸ்டீயரிங் ஆடுகிறது என்று எந்த டிரைவர் வந்தாலும், "வேலு, கையக் காட்டு" என்பார். நான் கையை நீட்ட வேண்டும். "இவன் இருபத்திரண்டு வருசம் வண்டி ஓட்டுனவன். டயர்னு நெனச்சான். மொதல்ல உன் கைய நீட்டு, பொறவு டயரப் பாப்போம்" என்பார். சிலர் சிரித்தார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குச் செத்துவிடலாம் போல இருக்கும். மத்தியானம் டீ வரும்போது எனக்கு மட்டும் அரை டம்ளர்தான் ஊற்றச் சொல்வார், சிந்தக் கூடாது என்று. அதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது அவருக்கு. "வேலுவுக்குப் பாதி. மிச்சத்தப் பொறவு ஊத்து" என்று சாலைக்குக் கேட்கும்படி சொல்வார். அதை அன்பு என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். வாங்கிக் குடித்தவனுக்கு அது அப்படி இருக்கவில்லை.

போன மாதம் அவருக்குச் சிறுநீரகம் நின்றுபோனது. ராஜபாளையத்தில் ஒரு மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். நான் பார்க்கப் போனபோது அவருடைய மருமகள் வெளியே மருந்து வாங்கப் போயிருந்தாள். அறையில் நாங்கள் இருவர்தான். முகம் வீங்கியிருந்தது. மூச்சுக்காக வாயில் வைத்திருந்த மூடியை விலக்கிவிட்டுப் பேசினார்.

"வேலு, அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னால வச்சு உன்ன அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ? தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமோ?"

அவர் ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்காக இன்னொருவர் முகத்தைப் பார்த்ததை நான் அதுவரை கண்டதில்லை.

"சொல்லியிருக்கலாம் அண்ணாச்சி" என்றேன்.

"பவானிக்கு அதனாலதான அந்த எடம் முறிஞ்சுது?"

"ஆமா. அதனாலதான்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன். மூன்றாம் நாள் இறந்துவிட்டார்.

நான் சொன்ன பதில் பொய் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்ததில் அது பாதிதான். அவர் என் வண்டியின் சக்கரங்களைக் கழற்றிய அந்த நாளுக்குப் பல வாரங்கள் முன்னால், ஒரு காலையில், மம்சாபுரம் அருகே ஒரு வளைவில் என் கை நான் நினைத்த நேரத்தில் திரும்பவில்லை. வண்டி சாலையை விட்டு இறங்கியது. ஓரமாகப் புல்லுக்கட்டுச் சுமந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். வண்டியின் மூலை புல்லுக்கட்டில் பட்டது. கண்ணாடியில் பார்த்தேன். கட்டு ஓடைப்பக்கம் உருண்டது. அவள் விழுந்து, எழுந்து உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. வண்டியை நிறுத்தவும் இல்லை. டயர்தான் இழுத்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்காகத்தான் கடை கடையாக ஏறி இறங்கினேன்.

அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால், தலையாட்டிவிட்டு ஐந்தாவது கடைக்குப் போயிருப்பேன். மறுநாளே லோடு ஏற்றியிருப்பேன். இது எனக்கு அன்றைக்கே தெரியும். "நீங்க அப்படிச் சொல்லலன்னா நான் ஒரு உசுர எடுத்திருப்பேன் அண்ணாச்சி" என்று அந்தக் கட்டிலருகே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவர் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்க மாட்டார். வாய் வரைக்கும் வந்தது. பவானியை நினைத்தேன், நாலு வருடம் நீட்டிய கையை நினைத்தேன், சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அவர் எனக்குச் செய்த கொடுமைக்கு இந்தச் சாலையே சாட்சி. நான் அவருக்குச் செய்ததற்கு யாரும் சாட்சி இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் கடையில் வேலை பார்க்கும் பவானிதான், நான் சொல்லச் சொல்ல, இதை அடித்துக்கொண்டிருக்கிறாள். மம்சாபுரம் வந்ததும் அவள் கை நின்றுவிட்டது. "அந்தப் பொம்பள யாருன்னு பொறவாவது போயி விசாரிச்சீங்களாப்பா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மிச்சத்தையும் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மம்சாபுரம் போகிறேன். புல்லறுக்கப் போகிற பெண்களிடம் கேட்டால் ஆள் தெரிந்துவிடும். அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லப் போவதில்லை. அவளுடைய வீட்டார், தெருக்காரர், அங்கே நிற்கிற அத்தனை பேர் முன்னாலும் சொல்லப்போகிறேன். தேவசகாயம் அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.