வடிகட்டின கரண்ட்

எங்கள் வீட்டு வரவேற்பறையில் சாமிப் படங்களுக்கு அடுத்தபடி மரியாதையான இடத்தில் இருப்பது ஒரு கறுப்புப் பெட்டி. மியூசிக் சேர்வர் என்று பெயர். திரையும் இல்லாத, தட்டுவதற்கு எழுத்தும் இல்லாத ஒரு கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுகளை வயிற்றுக்குள் வைத்திருக்கும், கேட்டால் பாடும். இதையேதான் கைத்தொலைபேசியும் செய்கிறது என்று சொல்லும் ஆட்கள் உண்டு. கழுதைக்குத் தெரியுமோ கற்பூர வாசனை என்று அவர்களை நான் மன்னித்துவிடுவேன்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. ஜெர்மனியின் ஹம் நகரத்தில் கம்பி இழுக்கிற தொழிற்சாலையில் அரைவாசி ஆயுளைக் கழித்தவன் நான். அங்கே மனிசர் வாயால் கதைப்பதில்லை, கையால்தான் கதைப்பார்கள். "மெசின் சத்தம் போட்டால் பயப்பிடாதே, சத்தம் நிண்டால் பயப்பிடு" என்பது எங்கள் பகுதியில் வழங்கும் பழமொழி. ஐந்து நாள் இரைச்சலைக் கேட்ட காதுக்குச் சனி ஞாயிறில் சங்கீதம் கொடுத்தால் பாவம் கழுவப்படும் என்று ஒரு நம்பிக்கை.

அதைவிட, எனக்கு ஒரு பதவியும் இருக்கிறது. எங்கள் சனத்தின் கலியாண வீடுகளில் மைக், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற மேசைக்கு முன்னால் இருப்பவன் நான்தான். "சவுண்ட் அண்ணை" என்பார்கள். ஒருவரும் படிப்பிக்கவில்லை. இரண்டு ஸ்பீக்கரை எரித்துப் படித்தேன். சம்பளம், கடதாசித் தட்டில் இரண்டு ரோல்சும் ஒரு தேத்தண்ணியும். மைக் ஊளையிடத் தொடங்கினால், அது மண்டபத்துக்குத் தெரியமுதல் என் காதுக்குத் தெரியவேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்தக் காது இல்லையென்றால் நான் ரோல்ஸ் தின்ன வந்த இன்னொரு ஆள்.

என் பெட்டியைப் பார்த்த ஒரு ஜெர்மன் வேலைத்தோழர்தான் கதையைத் தொடக்கிவைத்தார். அவர் வீட்டில் கதிரை ஒன்று, ஸ்பீக்கர் இரண்டு, மனைவி இல்லை. பெட்டி திறமானதுதான், ஆனால் அது குடிக்கிற கரண்ட் ஊத்தை என்றார். கூட வந்த சின்ன அடப்டரைக் கழற்றிவிட்டு, கரண்டைச் சுத்தமாக்கிக் கொடுக்கிற பெரிய பவர் சப்ளை ஒன்றைக் கொழுவவேண்டுமாம். பிறகு ஸ்பீக்கருக்கு முன்னால் தொங்குகிற திரை ஒன்று விலகுமாம். தண்ணியை வடிகட்டிப் பார்த்திருக்கிறேன், தேத்தண்ணியை வடிகட்டியிருக்கிறேன். கரண்டையும் வடிகட்டலாம் என்று அன்றுதான் அறிந்தேன். வாங்கினேன். விலையை எழுதமாட்டேன், வீட்டுக்காரி இதை வாசிப்பா.

வந்தது ஒரு இரும்புப் பெட்டி. தூக்கினால் இடுப்புப் பிடிக்கும். நான் பெட்டிகள் அடுக்கியிருந்த ராக்கைக்குப் பின்னால் வயிற்றில் ஊர்ந்துபோய், வாயில் டோர்ச்சைக் கவ்விக்கொண்டு, கையால் தடவித் தடவிப் பழைய வயரைப் பிடுங்கிப் புதியதைக் கொழுவினேன். அங்கே வயர்கள் இடியப்பம்போல் கிடந்தன. கீழ்த்தட்டில் எனது முந்தின சேர்வரும் தன் வயரோடு கிடந்தது. பாடுவதை நிறுத்திய பிறகும் எறியவில்லை. பால்மா டின்னையே எறியாத சனம் நாங்கள்.

வெளியே வந்து, கையைக் கழுவி, கதிரையில் குந்தி, ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டேன்.

முந்தின நாள் கேட்ட அதே நாதஸ்வரம். முந்தின நாள் அடித்த அதே தவில். இன்னொருக்கால் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டேன், திறந்து கேட்டேன். திரை ஒன்றும் விலகவில்லை.

குசினியிலிருந்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன்.

"இஞ்சேரும், வித்தியாசம் கேக்குதோ?"

அவ வாசல்வரைக்கும் வந்தா. இரண்டு விநாடி நின்றா. "ஓமோம். நல்ல வித்தியாசம்." போய்விட்டா, அடுப்பில் கறி.

அடுத்த சனிக்கிழமை கெல்சென்கிர்ச்சனில் இருந்து அண்ணை வந்தார். எனக்கு மூத்தவர், பென்சன் எடுத்தவர், வெளிநாட்டுக்கு வந்த காலத்திலிருந்தே சிநேகிதம். சாய்ந்து இருந்து கண்ணை மூடினார். ஆலாபனை முடியமுதலே தலை ஆடத் தொடங்கிவிட்டது.

"தம்பி! தவில்காரன் விரல்ல போட்டிருக்கிற கூடு இருக்கெல்லோ, அது தோலில படுகிற சத்தம் தனியாக் கேக்குது. முந்தி இது கேக்கேல்லையே!"

"ஓம் அண்ணை," என்றேன். எனக்குக் கேட்கவில்லை.

சரி, எங்கள் ஆட்கள் மரியாதைக்குச் சொல்லுவார்கள், ஜெர்மன்காரன் பொய் சொல்லமாட்டான் என்று வேலைத்தோழரைக் கூப்பிட்டேன். புது மயிர்வெட்டு நன்றாக இல்லையென்றால் முகத்துக்கு நேரே சொல்லுகிற சாதி அல்லவா. அவர் சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி வந்து இருந்தார். பாட்டு முடியும்வரை மூச்சு விடவில்லை. பிறகு, "திரை போய்விட்டது," என்று ஜெர்மன் மொழியில் மெல்லச் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்காரி என்னிடம் தமிழில், "ஓம், திரைச்சீலையை நேற்றுத்தான் கழட்டித் தோய்க்கப் போட்டனான். அவருக்கு எப்பிடித் தெரியும்?" என்றா.

ஆகப் பெட்டியைக் கேட்ட எல்லாருக்கும் வித்தியாசம் கேட்டது. பெட்டியை வாங்கினவனுக்கு மட்டும் கேட்கவில்லை. புத்தியுள்ளவன் இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவான்? அந்த முடிவுக்குத்தான் நானும் வந்தேன். காது போய்விட்டது. செவிடன் காதில் சங்கு ஊதினார்கள் என்பார்கள். இங்கே செவிடனே கடைக்குப் போய் விலை உயர்ந்த சங்காகப் பார்த்து வாங்கி வந்திருக்கிறான்.

பகிடியாக எழுதுகிறேன், அப்போது பகிடியாக இருக்கவில்லை. அடுத்த மாதம் ஒரு கலியாணம் ஒப்புக்கொண்டிருந்தேன். தாலி கட்டுகிற நேரம் ஊளை கிளம்பி, அது கேளாமல் நான் சிரித்துக்கொண்டு இருந்தால்? வீட்டில் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பிரிட்ஜ் உறுமுவது கேட்டது. மணிக்கூடு கேட்டது. வீட்டுக்காரி குசினியில் இருந்து கூப்பிட்டது கேட்கவில்லை. ஆனால் அந்தக் குறை கலியாணம் முடித்த காலத்திலிருந்தே இருக்கிறது, அதைக் கணக்கில் எடுக்கக்கூடாது. ஒருவருக்கும் சொல்லாமல் காது டொக்டரிடம் டெர்மின், அதாவது பார்க்க ஒரு நாள், கேட்டேன். கிழமைக்கணக்கில் தள்ளித் தந்தார்கள். அந்த நாள் வருவதற்குள் காது தானாகச் சுகமாகிவிடும், அல்லது முழுதாகப் போய்விடும். இரண்டிலும் டொக்டருக்குச் சிரமமில்லை.

அந்த நாளுக்காகக் காத்திருக்கையில் இன்னொரு சனிக்கிழமை. அண்ணை வழமைபோல் சாய்ந்திருக்கிறார், கண் மூடியிருக்கிறது, நாதஸ்வரம் போகிறது. வீட்டுக்காரி தூசு உறிஞ்சுகிற மெசினோடு வந்து, கொழுவ இடம் தேடி, சுவரில் இருந்த ஆகத் தடித்த வயரைப் பிடித்து இழுத்தா.

"ஐயோ, அதைக் கழட்டாதையும்!"

கழற்றியாகிவிட்டது. இரும்புப் பெட்டியின் நீல விளக்கு அணைந்தது.

பாட்டு நிற்கவில்லை.

நாதஸ்வரக்காரர் ஒரு சங்கதியையும் விடாமல் வாசித்துக்கொண்டே போனார். நானும் வீட்டுக்காரியும் ஆளை ஆள் பார்த்தோம். அண்ணை கண் திறக்காமல் சொன்னார்: "பாத்தீரோ தம்பி, இந்த இடத்தில எவ்வளவு தெளிவெண்டு!"

ராக்கைக்குப் பின்னால் ஊர்ந்தேன். இந்த முறை டோர்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தேன். சுத்தமான, வடிகட்டின, விலை சொல்லமுடியாத அந்தக் கரண்ட் இத்தனை கிழமையும் போய்க்கொண்டிருந்தது கீழ்த்தட்டில் கிடந்த பழைய சேர்வருக்கு. பென்சன் எடுத்தவருக்குத் தினமும் பாலும் பழமும். மேலே மாய்ந்து மாய்ந்து பாடுகிறவர் அதே சின்ன அடப்டரில், அதே ஊத்தைக் கரண்டைக் குடித்துக்கொண்டு இருந்தார்.

எழும்பி வந்து விசாரணையைத் தொடங்கினேன்.

"அண்ணை, விரல்கூடு கேட்டதெண்டியள்?"

"கேட்ட மாதிரித்தான் இருந்தது தம்பி. நீர் ஆசைப்பட்டு வாங்கி வைச்சுக்கொண்டு முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறீர். இல்லை எண்டு என்னெண்டு சொல்லுறது? செத்த வீட்டுக்குப் போய்ச் சாம்பாரில உப்புக் குறைவெண்டு சொல்லுவமோ?"

"என்ர வீட்டில ஆர் அண்ணை செத்தது?"

"விலையைக் கேட்டால் நீர்தான் செத்திருக்கோணும்."

வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவவுக்கு ஒரு வெட்கமும் இல்லை. "வித்தியாசம் இல்லை எண்டிருந்தால் அடுத்ததா வயர் வாங்குவியள். ஓம் எண்டால் அதோட முடிஞ்சுது. நான் கறியைப் பாக்கிறதோ, உங்கட கரண்டைப் பாக்கிறதோ?"

ஜெர்மன் வேலைத்தோழருக்கு ரெலிபோன் எடுத்தேன். அவர் நிதானமாக விளக்கினார்: அந்தப் பெட்டி சுவரில் கொழுவியிருந்தாலே போதுமாம், வீட்டுக் கரண்ட் முழுக்கச் சுத்தமாகுமாம், ஆகவே தான் கேட்டது கேட்டதுதானாம். கோயில் வீதியால் பஸ்ஸில் போனாலும் புண்ணியம் என்கிற மாதிரி. நாங்கள் மரியாதைக்குப் பொய் சொல்கிறோம். அவர் அதை நம்பியே சொல்லியிருக்கிறார். எது மோசம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆனால் என் சந்தோசத்தைக் கேட்கவேண்டாம். ஊர் முழுக்கக் கேளாததைக் கேட்டதென்று சொல்லிக்கொண்டிருக்க, உள்ளதை உள்ளபடி கேட்ட காது என்னுடையது ஒன்றுதான்! இனி டொக்டர் எதற்கு? என்றாலும் இந்த நாட்டில் கிடைத்த டெர்மினை விடுகிறவன் வீடு பற்றினாலும் தண்ணி ஊற்றமாட்டான். போனேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் இருத்தி, காதில் மூடியைப் போட்டு, கையில் ஒரு பொத்தானைத் தந்தார்கள். சத்தம் கேட்டால் அமத்தவேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் இருந்து என் முகத்தைப் பார்த்தபடி விசைகளைத் தட்டினா. அமத்தினேன். மெல்லியதாக ஏதோ கேட்டமாதிரி இருந்தது, அமத்தினேன். அவ இன்னும் பார்த்துக்கொண்டு இருந்தா. எவ்வளவு பாடுபடுகிறா, பாவம். அமத்தினேன்.

கூட்டின் கதவு திறந்தது. "நான் இன்னும் இரண்டாவது சத்தத்தை அனுப்பவில்லையே," என்றா.

ஒரு ஜெர்மன் பெண்ணின் முகத்துக்காகப் பொத்தானுக்கே ஓம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். அண்ணையை நான் விசாரணை செய்தது வீண்.

"கண்ணை மூடுங்கள். கேட்டால் மட்டும்," என்று சொல்லிவிட்டு மறுபடி தொடங்கினா. மூடினேன். பிறகு கனநேரம் என் பெருவிரலுக்கு வேலை இருக்கவில்லை. ஒன்றும் அனுப்பவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். அனுப்பியிருக்கிறா.

டொக்டர் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். இடதுபக்கம் நேராக வந்த கோடு ஒரு இடத்தில் மலையிலிருந்து விழுகிற மாதிரி விழுந்தது. மனிசர் பேச்சுக்குக் குறையில்லை, உயரத்துச் சத்தங்களைத் தொழிற்சாலை தின்றுவிட்டது என்றார். மைக் ஊளையிடுகிற சத்தம் எந்த இடம் என்று கேட்டேன். பேனையால் தொட்டார். கோடு விழுந்து கிடக்கிற இடம்.

பஸ்ஸில் வரும்போது ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்ற கதையெல்லாம் ஞாபகம் வந்தது. சிரிப்பு வரவில்லை.

"என்னவாம்?" என்றா வீட்டுக்காரி.

'எல்லாம் திறமாம்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, உள்ளதைச் சொன்னேன். "கலியாணத்துக்கு வேற ஆளைப் பாக்கச் சொல்லப்போறன். ஊளை வந்தால் எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்," என்றா. "பல்லுக் கூசும். கொஞ்சக் காலமா நீங்கள் பிந்தித்தான் பிடிக்கிறியள். அதுவரைக்கும் நான் பின்னால இருந்து காதுக்குள்ள விரலை வைச்சுக்கொண்டு இருக்கிறனான்."

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் அதுக்கும் ஒரு பெட்டி வாங்குவியள்."

பவர் சப்ளையை இப்போது சரியான பெட்டிக்குக் கொழுவியிருக்கிறேன். வித்தியாசம் இருக்கிறதா என்று ஒருவரையும் கேட்கவில்லை. இருந்தால், அது எனக்கு எட்டாத உயரத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

கலியாணத்துக்கு வேறு ஆள் பார்க்கவும் இல்லை. வீட்டுக்காரி எங்கள் கலியாணத்துக் கூறைச்சேலையும் தானுமாக மண்டபத்தின் பின்பக்கம், எல்லாரும் ஜக்கெட் தொங்கவிடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றா. கெட்டிமேளம் தொடங்கியது. ஐயர் மந்திரத்தோடு, சட்டையில் குத்தியிருந்த மைக்கோடு, ஸ்பீக்கர்ப் பக்கமாகக் குனிந்தார். மேடையோரம் என் மேசையில் இருந்த எனக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்காரியின் வலக்கை பள்ளிக்கூடப் பிள்ளையின் கைபோல் நேரே மேலே போனது. தாலி கட்டுகிற நேரம் ஒரு மனுசி பின்னால் நின்று கை தூக்கினால் என்ன நினைப்பார்கள்? மேடையில் இருந்தவர்கள் பார்க்க, முன்வரிசைகளில் பாதியும் திரும்பிப் பார்த்தது. இந்தக் கலியாணத்தில் இவவுக்கு என்ன ஆட்சேபம் என்று மாப்பிள்ளையின் தாய்க்கு முகம் வெளிறிப்போனது. நான் ஒரு விசையை மெல்லக் கீழே இறக்கினேன். கை இறங்கவில்லை. பக்கத்து விசையை இறக்கினேன். கை இறங்கியது.