பெரியம்மாவின் இடது கை

எண்பதுகளில் நான் ஈஜோக் என்ற ஊரில் பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போனபோது அந்த வேலைக்குப் பெயர்கூடக் கிடையாது. "கூடமாட இருக்கா" என்பார்கள், அவ்வளவுதான். இப்போது சான்றிதழ், சீருடை, கையுறை என்று என்னென்னவோ வந்துவிட்டது. நல்லதுதான், நான் குறை சொல்ல மாட்டேன்.

பெரியம்மா எனக்குச் சொந்தமில்லை. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எங்களுக்கு அடுத்த வீடு. நான் நடை பழகும் முன்பே என் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். தீபாவளிக் காலையில் பெரியம்மா தன் பிள்ளைகளின் தலையில் எண்ணெய் வைத்துவிட்டு, "அந்தக் குட்டியையும் கூப்பிடு" என்று எனக்கும் வைப்பார். பிறகு அவர் மகனுக்கு ரவாங்கில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. ஈஜோக்கில் பலகை வீடு கட்டி அம்மாவை அழைத்துப் போய்விட்டார். சில வருஷத்தில் பெரியம்மாவுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. பேச்சும் போய்விட்டது. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார்கள்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் தோட்டத்து ஆஸ்பத்திரி ஐயா. உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், படுத்தபடி ஒரு வாய்கூடக் கூடாது. அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தரையில் ஈரம், எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. அவர் சொன்னதுதான் எனக்கு வேதம். பார்க்க வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? பிஸ்கட் டின்னும் கையுமாக வருவார்கள். "ஒரு வாய் ஊட்டினா என்னடி ஆயிடும்?"

"பொறை ஏறிச்சுன்னா நீங்களா வந்து பார்ப்பீங்க? அத அங்க வைங்க லா!"

எனக்கு அப்படி ஒரு வாய். அது ஈஜோக் முழுக்கத் தெரியும்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலைத் தவிர. எண்ணெய்க் கிண்ணத்தைக் கண்டாலே பெரியம்மாவுக்கு என்னவோ ஆகிவிடும். நல்ல கையான இடது கையால் எட்டிப் பிடித்து இழுப்பார். நானும் விடாமல் இழுப்பேன். ஒரு நாள் தரையெல்லாம் எண்ணெயாகி என் கால் வழுக்கிவிட்டது. நாற்காலியோடு சாய இருந்தவரை இடுப்பால் முட்டுக்கொடுத்துப் பிடித்தேன். "ஏன் பெரியம்மா என் உசுர வாங்குறீங்க?" என்று கத்தியே விட்டேன். அவர் கண்ணில் தண்ணீர். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அன்று லீவில் வீட்டிலிருந்த மகன் அதைப் பார்த்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை, பயந்துபோனார். பெரியம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே சொன்னார். "அம்மாவுக்குப் புத்தி தடுமாறிடுச்சு. கீழ விழுந்து மண்ட ஒடஞ்சா என்னா பண்றது? கிள்ளான்ல ஒரு முதியோர் இல்லம் இருக்கு, ஆளுங்க நிறைய. தீபாவளி முடியட்டும், கொண்டு விட்டுரலாம்."

"பேச்சுதான் போச்சு அண்ணே, காது போகல" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. இத்தனை நாள் ஒரு புண் வராமல் பார்த்த உடம்பு. யாரோ தெரியாதவர்கள் கையில் போகப்போகிறதே!

தீபாவளியன்று விடியும்போதே போய்விட்டேன். கோணிச் சாக்கை விரித்து, அதன் மேல் கனமான நாற்காலியைப் போட்டுச் சுவரோடு ஒட்டிவைத்துப் பெரியம்மாவை உட்காரவைத்தேன். கிண்ணத்தை அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தேன். இன்றைக்கு மட்டும் சண்டையில்லாமல் முடிந்தால், அண்ணனிடம் கெஞ்சியாவது பார்க்கலாம் என்று நினைப்பு.

அண்ணன் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து பலகையில் உட்கார்ந்தார். கிண்ணத்தை எடுத்துத் தன் தலைக்குத் தானே வைத்துக்கொள்ள விரலை விட்டார். பெரியம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இடது கையால் நாற்காலியை அடி அடியென்று அடித்தார்.

அண்ணன் கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்த லயத்து வீட்டில் எண்ணெய்க் கிண்ணம் யார் கையில் இருந்தது? எங்கள் தலைக்கெல்லாம் எண்ணெய் வைத்தவர் யார்? அடப் பாவமே, அவர் எங்களோடு மல்லுக்கட்டவே இல்லை, கிண்ணத்தைக் கேட்டிருக்கிறார்!

கிண்ணத்தை அவர் மடியில் வைத்து, அடியில் என் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். பெரியம்மா விரலைத் தோய்த்தார். சட்டென்று இழுத்துக்கொண்டார். செயலற்ற வலது கையை இடது கையால் தூக்கப் பார்த்தார். அது வரவில்லை. நல்ல நாளில் இடது கையாலா என்று அவருக்குக் கூச்சம். மருமகளும், "இந்தக் கையாலயா..." என்று இழுத்தார்.

அண்ணன் பலகையை நகர்த்திக்கொண்டு வந்து தாயின் முன்னால் தலையைக் குனிந்தார். "எந்தக் கையா இருந்தா என்னம்மா? வைங்க."

பெரியம்மா வைத்தார். உச்சியில் அழுத்தித் தேய்த்தார். எண்ணெய் அவர் மகனின் நெற்றியில் வழிந்தது, கூடவே கண்ணீரும். அத்தனை பெரிய ஆள், குழந்தை மாதிரி அழுதார்.

பிறகு பெரியம்மா என்னைப் பார்த்து, "ம்" என்றார்.

"எனக்கு வேணாம் பெரியம்மா, தரையெல்லாம் எண்ணெயாயிரும்."

நாற்காலியில் மறுபடி ஓர் அடி. நான் சாக்கில் மண்டியிட்டேன்.

அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் கிள்ளான் பேச்சை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் முதலில் என் தலைக்கு எண்ணெய், அதற்கப்புறம்தான் அவருக்குக் குளியல். கடைசிவரை அவர் விழவில்லை. தன் கட்டிலிலேயே, உடம்பில் ஒரு புண் இல்லாமல் போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேரைப் பார்த்துக்கொண்டேன். எந்த வீட்டுக்குப் போனாலும், இவர் கையில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவேன்.

இப்போது எங்கள் வீட்டில் நான்தான் மூத்தவள். தீபாவளிக் காலையில் எல்லோர் தலைக்கும் நான் எண்ணெய் வைக்கிறேன். வைத்து முடித்ததும் என் மருமகள், "ஒங்களுக்கு நான் வைக்கவா அத்தை?" என்று கேட்பாள், நல்ல பெண். வேண்டாம் என்றுவிடுவேன். எனக்கு அந்த இடது கைதான் வேண்டும்.