மடியில் வைத்த ப்ளக்

"டக்" என்று ஒரு சத்தம், அதன் பின்னாலேயே மூடியின் ஓரத்திலிருந்து கிளம்பும் கஞ்சி வாசம்: ரைஸ் குக்கரின் பொத்தான் தானாக எழும்பிவிட்டதென்பது சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்கு மேலிருந்த எங்கள் சிறிய வீடு முழுவதற்கும் அப்படித்தான் தெரியவரும். எனக்கு அப்போது பத்து வயது. யாரும் திறந்து பார்க்காமலேயே சோறு வெந்துவிட்டதென்று அதற்கு எப்படித் தெரிகிறது என்ற கேள்வி, அந்த டிசம்பர் விடுமுறை முழுவதும் என்னைப் பிடித்து ஆட்டியது.

அம்மாவிடம் கேட்டால், "அதுக்குத் தெரியும்லா. தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போறே, நீயா வேகப் போறே?" என்பார்.

ஒருநாள் அம்மா மீன் வாங்கக் கீழே இறங்கிய நேரத்தில், அப்பாவின் திருப்புளியை எடுத்துக் குக்கரைக் கவிழ்த்துப் போட்டுத் திருகத் தொடங்கினேன். சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் காலை ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்த அப்பா வாசலில் நின்று பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவரோ சுவரிலிருந்த ப்ளக்கை உருவி என் மடியில் போட்டார். "பிரிக்கிறவ மடியிலதான் ப்ளக் இருக்கணும். சுவத்துல இருந்தா எவன் வேணா தட்டுவான்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

உள்ளே ஒரு சுருள்கம்பியும் அதன் நடுவே சின்னக் காந்தமும் இருந்தன. காந்தத்தை எடுத்துப் பென்சில் டப்பாவில் ஒளித்துவிட்டு மீதியை மாட்டினேன். அதன் பிறகு அழுத்திய பொத்தான் கீழே நிற்கவில்லை. அப்பா அதை ரப்பர் பேண்டால் இழுத்துக் கட்டினார். குக்கருக்கு எப்போது நிறுத்துவதென்றே தெரியாமல் போக, நான்கு நாள் "தீஞ்ச சோறு" தின்றோம். "விஞ்ஞானி வடிச்சது, வாயைத் திறக்காமத் தின்னு" என்று அம்மாவைச் சீண்டுவார் அப்பா. ஐந்தாம் நாள் காந்தத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அளவுக்கு மீறிச் சூடானால் காந்தத்தின் பிடி விட்டுப்போகும், தண்ணீர் இருக்கும்வரை அந்தச் சூடு ஏறாது என்று பிறகு நூலகப் புத்தகம் ஒன்றில் படித்தேன். குக்கருக்குச் சோற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது, தண்ணீர் வற்றியது மட்டும்தான் தெரியும். அன்றைய சந்தோஷம் எனக்குப் பிறகு எதிலும் வாய்க்கவில்லை.

இந்தக் கதையை என் மகள் யாழினிக்குப் பெருமையாகப் பலமுறை சொல்லியிருக்கிறேன். காந்தத்தைச் சொன்னேன், தீய்ந்த சோற்றைச் சொன்னேன், அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். மடியில் கிடந்த ப்ளக்கை மட்டும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, செங்காங்கில் எங்கள் வீட்டுக் கூடத்தில், சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் பழைய மேசை விசிறியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சுவரில் சுவிட்சை அணைத்திருந்தாள், ப்ளக்கை உருவவில்லை. பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட வந்த நான், எது எதற்கென்று பாராமல் இரண்டு சுவிட்சையும் சேர்த்துத் தட்டினேன்.

பிழைத்துக்கொண்டாள். வலக்கையில் இரண்டு விரல்கள் இன்னும் முழுதாக மடங்குவதில்லை. ஆஸ்பத்திரியில் அவள் கண் திறந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "இனிமே எதையும் தொடாதே."

அப்பா இப்போது இல்லை. அந்தக் குக்கரும் இல்லை. புதியது வேலை முடிந்ததும் பாட்டுப் பாடுகிறது. நேற்று மாலை அது பாடியபோது யாழினி சாப்பாட்டு மேசையருகே இருந்தாள். முன்பெல்லாம் எதைக் கண்டாலும் "ஏன்மா, எப்படிமா" என்று என் உயிரை வாங்கியவள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "இதுக்கு எப்படித் தெரியுதுன்னு நெனைக்கிறே?" என்று கேட்டேன்.

அவள் குக்கரைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த இரண்டு கைகளையும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரியாதுமா. நான் ஒண்ணும் டச் பண்ணல."